தொலைநோக்கி: ஒரு பெயர் கரையேறிய வரலாறு

கடலூர் மாவட்டத்தில் பெயர்கள் அவ்வளவு லேசில் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆறுகள் வந்து கூடுமிடம் என்பதால் கூடலூர் என்றிருந்த ஊர், கிழக்கிந்தியக் கும்பினியார் வாயிலும் ஏட்டிலும் புகுந்து புறப்பட்டபின் கடலூர் என்று நிலைத்துவிட்டது. கடல் பக்கத்திலேயே இருந்ததால் அந்த மாற்றம் யாருக்கும் உறுத்தவில்லை. தெற்கே சிதம்பரத்தின் கதை இன்னும் நீளம். தில்லை மரக்காட்டால் தில்லை. கூத்தன் ஆடும் மன்றத்தால் சிற்றம்பலம். அந்தச் சிற்றம்பலமே திரிந்து சிதம்பரம் ஆனது என்பது அறிஞர் பலர் கருத்து. திரிந்ததோடு பொருளும் மாறியது. சித் என்றால் அறிவு, அம்பரம் என்றால் வானம். ஒரு சின்ன மன்றத்தின் பெயர் ஓசை மாறி வெட்டவெளியின் பெயராகிவிட்டது. தமிழ்ச் சொல்லொன்று வடமொழி உடுத்திக்கொண்டு வானத்துக்குப் போன கதை அது.

அதே வானத்தைப் பார்க்க உதவும் குழாய் ஒன்றின் பெயரோ நேர் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. வடமொழியில் தொடங்கித் தமிழுக்கு வந்தது. தூரதிருஷ்டிக் கண்ணாடி என்று அகராதியில் புகுந்தது இன்று தொலைநோக்கி. இந்தக் குழாய் சோழமண்டலக் கரைக்கு வந்து 330 ஆண்டுகளுக்கு மேலாகிறது. பெயருக்கோ நூறு வயதைச் சொல்வதே கடினம். பொருள் வந்தும் பெயர் வர ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் மேற்கே என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம். 1608 அக்டோபரில் ஹான்ஸ் லிப்பர்ஹே என்ற மூக்குக் கண்ணாடிக்காரர் நெதர்லாந்து அரசிடம் உரிமை கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். தூரத்தில் உள்ளதைப் பார்க்க ஒரு கருவி என்பதற்கு மேல் அதற்கு அப்போது பெயரில்லை. மறு ஆண்டு கலிலியோ அதை வானத்துக்குத் திருப்பினார்; அவரும் கண்ணாடி என்ற பொருள்படும் சொற்களைத்தான் பயன்படுத்தினார். 1611 ஏப்ரலில் ரோம் நகரில் அவருக்கு ஒரு விருந்து. அங்கே ஜியோவானி டெமிசியானி என்ற கிரேக்கப் புலவர், தொலைவு என்பதற்கான சொல்லையும் பார்த்தல் என்பதற்கான சொல்லையும் ஒட்டவைத்து ‘டெலஸ்கோப்’ என்று பெயர் சூட்டினார். செய்தவர் வைத்ததல்ல, விருந்தில் உடனிருந்த புலவர் வைத்த பெயர். மூன்றே ஆண்டில் குழாய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது.

நம் கரையில் நடந்தது வேறு. 1688இல் சயாம் நாட்டில் ஆட்சி கவிழ்ந்தபோது அங்கிருந்து தப்பிய பிரெஞ்சுப் பாதிரிமார் சிலர் புதுச்சேரி வந்து சேர்ந்தார்கள். கடலூரிலிருந்து பெண்ணையாற்றைத் தாண்டினால் புதுச்சேரி; ஒரே கரை, ஒரே வானம். அவர்களில் ழான் ரிஷோ என்பவரிடம் 12 அடித் தொலைநோக்கி ஒன்று இருந்தது. 1689 டிசம்பரில், விடியுமுன் ஒரு வால்நட்சத்திரத்தைத் தொடர்ந்து பார்த்துவந்தவர், தென்கிழக்கே தாழ்ந்திருந்த ஆல்ஃபா சென்டாரியையும் குழாயில் பிடித்தார். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அந்த விண்மீன் குழாயில் இரண்டாகப் பிரிந்தது. அது இரட்டை என்று உலகுக்குத் தெரிந்தது புதுச்சேரிக் கரையிலிருந்துதான்.

12 அடி ஏன்? ஒற்றைக் கண்ணாடி வில்லை எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது. நீலம் முன்னே குவியும், சிவப்பு பின்னே குவியும். நடுவில் எங்கே கண்ணை வைத்தாலும் விண்மீனைச் சுற்றி ஊதா ஓரம் கட்டும். வில்லையைத் தட்டையாகத் தேய்த்துக் குவியத் தூரத்தை நீட்டினால் அந்த ஓரம் அடங்கும். அதனால் அந்தக் காலத்துக் குழாய்கள் மரக்கலத்துப் பாய்மரம் போல நீண்டன.

அடுத்து வந்தவர் கியோம் லெ ஜெந்தீல். சூரியனின் குறுக்கே வெள்ளி கடந்து செல்வதை அளப்பதற்காகப் பிரான்சிலிருந்து புறப்பட்டவர். 1761இல் நடந்த முதல் கடப்பின்போது அவர் நடுக்கடலில் இருந்தார். அவர் போய்ச்சேர வேண்டிய புதுச்சேரி அதற்குள் ஆங்கிலேயர் கையில். எட்டு ஆண்டு கழித்து வரும் அடுத்த கடப்புக்காக ஊர் திரும்பாமலே காத்திருந்து, 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்தார். ஆங்கிலேயர் இடித்துப்போட்ட கோட்டையின் மேல் ஆய்வுக்கூடம் கட்டினார். அடியில் வெடிமருந்துக் கிடங்கு. அதே ஆங்கிலேயர்தான் சென்னையிலிருந்து அவருக்கு 3 அடி நீளத் தொலைநோக்கி ஒன்றைக் கொடுத்துதவினார்கள். அது நிறப்பிழை நீக்கிய குழாய். இரண்டு வகைக் கண்ணாடியை இணைத்து, ஒன்றின் குறையை மற்றதால் சரிக்கட்டும் அந்த வில்லைக்கு லண்டனில் ஜான் டாலண்ட் காப்புரிமை பெற்றது 1758இல். பத்தே ஆண்டில் அது நம் கரைக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தில் அக்குழாயை, செய்தவர் பெயரிலேயே டாலண்ட் என்று அழைத்தார்கள். 12 அடி 3 அடியாகச் சுருங்கியதும், கம்பெனிப் பெயரே பண்டத்தின் பெயரானதும் ஒரே கண்டுபிடிப்பின் விளைவு.

1769 ஜூன் 4 காலையில் வெள்ளி கடந்தது, மேகம் மறைத்தது, கடப்பு முடிந்தபின் வெயில் அடித்தது. லெ ஜெந்தீலின் அந்தத் துரதிர்ஷ்டத்தை உலகம் திரும்பத் திரும்பச் சொல்லியாயிற்று. நமக்கு வேண்டியது அவர் ஊர் திரும்பிச் சொன்ன இன்னொரு செய்தி. புதுச்சேரியில் தமிழ்க் கணியர் ஒருவரிடம் அவர் வானக் கணிதம் கற்றார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தை அந்தக் கணக்குப்படி போட்டுப் பார்த்தபோது, கிரகணம் நீடித்த நேரத்தில் பிழை 41 வினாடி. ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணையில் பிழை 68 வினாடி. அரை நூற்றாண்டு கழித்து, 1825இல், ஜான் வாரன் என்பவரும் அதே புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடச் சூத்திரத்தாலேயே கிரகணம் கணிப்பதைப் பார்த்து எழுதிவைத்தார்.

நம் கணியருக்குக் குழாய் தேவைப்படவில்லை. கோள் எங்கே இருக்கும் என்பது கேள்வியாக இருக்கும்வரை சோழியும் சூத்திரமும் போதும். கோள் எப்படி இருக்கும் என்று கேட்கத் தொடங்கினால்தான் குழாய் வேண்டும். வேண்டாத பொருளுக்கு எந்த மொழியும் மெனக்கெட்டுப் பெயர் தேடாது. தமிழ்ப் பெயருக்கு நேர்ந்த தாமதத்தின் முதற்காரணம் இதுதான்.

கண்ணாடி என்ற கட்டம் அதற்குப் பிறகு. 19ஆம் நூற்றாண்டு அகராதிக்காரர்கள் இதற்கு இட்ட சொல் தூரதிருஷ்டிக் கண்ணாடி. தூரதிருஷ்டி என்றால் தூரப் பார்வை. வருமுன் அறியும் அறிவையும் அச்சொல் குறித்தது. கண்ணாடி என்பதைப் பிரித்தால் கண்+ஆடி. ஆடி என்பது முகம் பார்க்கும் கருவிக்கான பழஞ்சொல். முகம் பார்ப்பதற்கிருந்த பெயர், பிறகு அது செய்யப்படும் பொருளுக்கும், அதன் பிறகு மூக்கில் மாட்டுவதற்கும் ஆகிவந்தது. எறும்பை யானையாக்கிக் காட்டும் வில்லை பூதக் கண்ணாடி. அந்த வரிசையில் இதுவும் ஒரு கண்ணாடி. எதிரே நின்று பார்ப்பவனுக்கு முதலில் படுவது பளபளக்கும் முகப்புதானே? அந்தப் பெயரில் கருவியை வெளியிலிருந்து பார்த்தவனின் வியப்பு இருக்கிறது. அதற்குள் கண் வைத்தவனின் அனுபவம் இல்லை.

உள்ளே கண் வைத்தவர்களும் இருந்தார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் கும்பினியாரின் வானாய்வுக்கூடம் 1792இல் எழுந்தது. அங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல், ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874இல் வெள்ளி மீண்டும் சூரியனைக் கடக்கவிருந்தபோது, அது என்ன, எப்படி நிகழ்கிறது என்று தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் விளக்கம் வெளியிட்டார். லெ ஜெந்தீல் தவறவிட்ட நிகழ்ச்சியைப் பாமரரும் பார்க்க வேண்டும் என்று ஒரு தமிழ்நாட்டு வானியலார் விரும்பியது அப்போதுதான். சொல்லும் பொருளும் நம் கைக்கு நெருங்கிவரத் தொடங்கிய காலம் அது.

அக்கம்பக்கத்தார் என்ன செய்தார்கள்? இந்தியிலும் உருதுவிலும் பாரசீகத்திலிருந்து வந்த தூர்பீன்: தூர் தொலைவு, பீன் பார்ப்பது. தெலுங்கும் மலையாளமும் தூரதர்சினி என்றன. தமிழிலும் அதுவே நிலைத்திருக்கலாம். இந்த மாவட்டத்துக்குத் தரிசனம் புதிதல்ல. மார்கழியில் தில்லையில் ஆருத்ரா தரிசனம், தைப்பூசத்தில் வடலூரில் ஜோதி தரிசனம். ஆனால் தரிசனம் என்பது தெய்வம் காட்சி கொடுப்பது. நாமாகத் தேடிப்போய்ப் பார்ப்பதற்குத் தமிழன் அச்சொல்லை எடுப்பதில்லை. போதாக்குறைக்கு, பின்னாளில் அரசுத் தொலைக்காட்சி தூர்தர்ஷன் என்ற பெயரோடு வந்தது. சென்னை நிலையம் 1975இல். தெலுங்கரும் மலையாளியும் தூரதர்சினிக்கும் தூர்தர்ஷனுக்கும் இடையே ஓர் எழுத்து வேற்றுமையோடு வாழப் பழகிக்கொண்டார்கள். நமக்கு அந்தச் சங்கடம் நேரவில்லை.

ஏனென்றால் அதற்குள் தொலைநோக்கி வந்துவிட்டது. 1916இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி அறிவியலுக்குச் சொல் தேடினார்கள். சங்கத்தின் பெயரில் ‘தமிழ்’ ஒன்றுதான் தமிழ். அடுத்த தலைமுறைச் சொல்லாக்கக்காரர்கள் பரிபாஷையைக் கலைச்சொல் என்றார்கள். பள்ளிப் பாடம் தமிழில் வரவர, திருஷ்டி போய் நோக்கு வந்தது. தூரம் போய்த் தொலை வந்தது.

இரண்டு சொல்லும் வெறும் மொழிபெயர்ப்பாக வந்து உட்காரவில்லை. பார்வை எல்லாக் கண்ணுக்கும் உண்டு. நோக்கு மனம் வைத்தால்தான் உண்டு. அதனால்தான் நோக்கம் என்றால் எண்ணம். தொல்காப்பியம் செய்யுளின் உறுப்புகளில் ஒன்றாக நோக்கைச் சொல்கிறது. தொலை என்பதோ இன்னும் விசித்திரம். பழைய இலக்கியத்தில் தொலைதல் என்றால் கெடுதல், தோற்றல், இல்லாமற்போதல். இன்றும் சாவியைத் தொலைக்கிறோம், வேண்டாதவனைத் தொலைந்துபோகச் சொல்கிறோம். கண்ணுக்கு எட்டாமல் போனதே தொலைவு. சேய்மை என்ற தூய்மையான பழஞ்சொல் இருந்தும், தொலை என்ற வழக்குச் சொல்லே வென்றது. ஆக, கண்ணிலிருந்து தொலைந்ததை மனம் வைத்துப் பார்ப்பது தொலைநோக்கி. கடைசி இகரம் செய்பவரையும் குறிக்கும், கருவியையும் குறிக்கும். விசிறுவது விசிறி, நோக்குவது நோக்கி.

ஈழத்துப் பாடநூல்கள் இதையே தொலைகாட்டி என்றன. நுண்ணோக்கி அங்கே நுணுக்குக்காட்டி. திசைகாட்டியின் வழியில் பிறந்த சொற்கள் அவை. கருவி காட்டும், நாம் பார்ப்போம். தமிழ்நாட்டுச் சொல்லில் நோக்கும் வேலை கருவிக்கே போய்விடுகிறது. எது சரி என்று சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் இரண்டில் எது பயனாளருக்கு நெருக்கம் என்று கேட்டால், மொட்டை மாடியில் குழாயோடு நின்று பழகியவர் காட்டி பக்கம்தான் கொஞ்சம் சாய்வார். குழாய் எதையும் தானாக நோக்குவதில்லை.

வில்லையால் ஆன குழாய்க்கும் ஆடியால் ஆன குழாய்க்கும் தனிப்பெயர் வேண்டியிருந்தது. முன்னது இங்கே ஒளிவிலகல் தொலைநோக்கி, ஈழத்தில் முறிவுத் தொலைகாட்டி. வில்லை என்ற சொல் ஏற்கெனவே நம் வீட்டில் கற்பூர வில்லையாகவும், டவாலிச் சேவகரின் மார்பில் பித்தளை வில்லையாகவும் இருந்தது. லென்ஸ் என்ற சொல்லும் லத்தீனில் ஒரு பருப்பின் பெயர். வட்டமாய், நடு உப்பி இருப்பதைப் பார்த்து அவர்கள் பருப்பை நினைத்தார்கள், நாம் கற்பூரத்தை நினைத்தோம். இதற்கிடையே தொலைநோக்கு என்ற பாதி மட்டும் சென்னைக் கோட்டைக்குப் போய், தொலைநோக்குத் திட்டம் 2023 என்று அரசு ஆவணத்தின் முகப்பில் ஏறியது. தூரதிருஷ்டிக்கு இருந்த ‘வருமுன் அறிதல்’ என்ற பழைய பொருள், உடை மாற்றிக்கொண்டு திரும்பி வந்த இடம் அதுதான்.

இவ்வளவும் ஏட்டு வரலாறு. இனி மாடிக்கு வருவோம். கொல்லைப்புறம் வைத்த வீடு குறைந்துவிட்ட கடலூரில் வானம் பார்க்க வாய்த்த இடம் மொட்டை மாடிதான். அங்கே 6 அங்குல வில்லையும் 1200 மில்லிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட குழாயை ஏற்றி நிறுத்துகிறவர்கள் யாரும், ‘ஒளிவிலகல் தொலைநோக்கியைத் தூக்கு’ என்று சொல்வதில்லை. ‘குழாயைப் பிடிப்பா’ என்பதுதான் பேச்சு. பனிக்காலத்தில் வில்லையின் முகத்தில் நீர் கோக்காமல் முன்னே மாட்டும் உறைக்குக் குல்லா. குழாயைத் தாங்கும் தலைக்கு எதிர்ப்பக்கம் தொங்கும் எடை, எடைக்கல். ஆள்காட்டி என்பது பெரிய குழாயின் முதுகில் இருக்கும் சின்னக் குழாய். எங்கே பார்க்க வேண்டும் என்று முதலில் சொல்வது அது.

பெரிய குழாயின் தாங்கி கடையிலிருந்து வந்தபடியே இந்த ஊருக்குப் பொருந்தாது. அது ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வானம் சுழலும் வேகத்துக்கு ஈடாகக் குழாயைத் திருப்ப, தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். லண்டனில் அது 51 டிகிரி உயரத்தில் நிற்கும். கடலூரின் அட்சரேகை 11.7 டிகிரி, துருவன் இங்கே தென்னங்கீற்றுக்குப் பின்னால், அடிவானத்தை ஒட்டி நிற்பான். அச்சை அந்த அளவுக்குச் சாய்த்தால் அது ஏறக்குறையப் படுத்தேவிடும். குழாயைக் கிழக்கே திருப்பினால் எடைக்கல் மாட்டிய கம்பி செங்குத்தாகத் தொங்கி ஸ்டாண்டின் காலில் இடிக்கும். பல தாங்கிகளில் சாய்வைக் கட்டுப்படுத்தும் போல்ட்டு அவ்வளவு கீழே இறங்கவே இறங்காது.

இதற்கு மருந்து லேத் பட்டறையில் இருக்கிறது. துறைமுகத்துக்குப் படகு எஞ்சின் சாமான் கடைந்து கொடுக்கும் பட்டறைகளுக்குக் கடலூரில் பஞ்சமில்லை. தடித்த ஜி.ஐ. பைப்பில் ஒரு முழ நீளம் வெட்டி, இரு முனையிலும் தகடு வெல்டு செய்து, ஸ்டாண்டுக்கும் தாங்கித் தலைக்கும் நடுவே ஏற்றினால் கம்பி காலைத் தொடாது. இன்னொரு நன்மையும் உண்டு. நீளக் குழாய் உச்சி வானத்தைப் பார்க்கும்போது கண் வைக்கும் முனை தரைக்கு இறங்கிவிடும். பார்ப்பவர் மண்டியிட வேண்டும். பைப்பு அந்த முனையை முழங்காலிலிருந்து இடுப்புக்கு உயர்த்துகிறது. உப்புக்காற்று ஊர் என்பதால் போல்ட்டெல்லாம் துருப்பிடிக்காத எஃகு. குழாயின் உட்சுவருக்குப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட். பட்டறைக்காரர் கணக்கில் இந்த வேலையின் பெயர் ‘நட்சத்திர ஸ்டாண்டு’.

ஊதா ஓரம் இன்றும் முழுதும் ஒழியவில்லை. இரட்டை வில்லை அதைக் குறைக்கிறது. 6 அங்குலத்தில் மிச்சம் தெரியும். தை மாத இரவில் சிரியஸைப் பார்த்தால் நீலப்புகை சூழ்ந்தது போலிருக்கும். சற்று வடக்கே திருவாதிரைக்குத் திருப்பினால் புகை ஏறக்குறைய மறைந்துவிடும். அது செம்மீன், ஓரம் கட்டும் அளவுக்கு அதனிடம் நீலம் இல்லை. தில்லைக் கூத்தனின் நாள்மீன், வில்லையின் குறையை மன்னித்துவிடுகிறது என்று மாடியில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வெள்ளியையும் நிலாவின் விளிம்பையும் பார்க்க, கெட்டி அட்டையில் 100 மில்லிமீட்டர் வட்டம் வெட்டிக் குல்லாவின் வாயில் செருகினால் போதும். குவியத் தூரம் திறப்பைப்போல 8 மடங்காக இருந்தது 12 மடங்காகும், ஒளி பாதிக்கும் கீழே குறையும், ஓரம் அடங்கும். ரிஷோ குழாயை நீட்டிச் செய்ததை மாடிக்காரர்கள் வாயைக் குறுக்கிச் செய்கிறார்கள். கணக்கு ஒன்றே.

மே மாதத்தில் தெற்கே 17 டிகிரி உயரத்துக்கு ஆல்ஃபா சென்டாரி ஏறும். 1689இல் இரண்டான அது இன்றும் மாடிக் குழாயில் இரண்டாகும். அகத்தியர் என்றும் அருந்ததி என்றும் நாம் பெயரிட்டவை வெறுங்கண்ணுக்கு விளங்கிய விண்மீன்கள். ரிஷோவின் இரட்டைக்கு மாடிப் பேச்சிலும் கிரேக்க எழுத்துதான் பெயர்.

கேள்விக்கு விடை இந்த வரிசையிலேயே இருக்கிறது. பாதிரியார் கையில் இருந்தபோது குழாய்க்கு நம்மிடம் பெயரில்லை. தூர நின்று பார்த்தபோது அதைக் கண்ணாடி என்றோம். பாடமாகப் படித்தபோது தொலைநோக்கி என்றோம். தோளில் தூக்கி மாடி ஏற்றியபோது குழாய், குல்லா, எடைக்கல், ஆள்காட்டி என்று பெயர்கள் தாமாக வந்தன. கலைச்சொல் ஆக்குபவர்கள் அகராதியைப் புரட்டுவதோடு லேத் பட்டறைக்கும் ஒரு நடை போய்வந்தால், குழுப்போட்டுத் தேடும் சொற்களில் பாதி அங்கே ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருப்பதைக் காண்பார்கள்.